விடுதி வைஃபையில் வடிகட்டி: சட்டச் சிக்கல் முளைக்கும் இடங்கள்

திருகோணமலை உப்புவெளியில் நான் நடத்தும் மாணவர் விடுதியின் வைஃபையில் ஆபாசத் தளங்களைத் தடுக்குமாறு பெற்றோர் கேட்டார்கள். தொழினுட்ப வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. சட்டப் பக்கத்தைச் சீராக்க இரண்டு மாதம் பிடித்தது.

விடுதிக்குள் கொடுக்கும் இணைப்பைப் பற்றியே எழுதுகிறேன். மதிலைத் தாண்டி அயல்வீடுகளுக்குக் காசுக்குக் கொடுப்பதானால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரிகளாக 1.1.1.3, 1.0.0.3 ஆகியவற்றை இட்டு, டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாகச் செல்லும் 53ஆம் போர்ட்டுக்கு வரும் கோரிக்கைகளை யூடிபி, டிசிபி என்ற இரு அனுப்பும் முறைகளிலும் ரவுட்டருக்கே திருப்பிவிடுங்கள். இது கிளவுட்பிளேர் என்ற இணைய நிறுவனத்தின் இலவசக் குடும்பச் சேவை. தளத்தின் பெயரை மட்டுமே பார்த்துத் தடுக்கும். மறைகுறியாக்கத்தை உடைத்துப் பக்கத்துக்குள் நுழையும் ப்ராக்ஸியை (இடையில் நிற்கும் சேவையகத்தை) நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகளின் வங்கிக் கடவுச்சொல்லும் நம் கையால் போகுமென்றால், ஒட்டுக்கேட்டோம் என்ற குற்றச்சாட்டை நாமே வாசலுக்கு அழைத்தவர்களாவோம்.

நான் இடறியது லொக்கில், அதாவது யார் எந்தத் தளத்தைக் கேட்டார் என்று ரவுட்டர் எழுதிவைக்கும் பதிவில். பரீட்சிப்பதற்காக டிஎன்எஸ் லொக்கைத் திறந்தவன் மூட மறந்துவிட்டேன். ஒருநாள் ஒரு தந்தை வந்து, "தம்பி, மகன் ராவில என்ன பாக்கிறான் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். காட்டினேன். மகனுக்கு வயது 22. தடுத்ததற்காக அல்ல, பார்த்ததை எழுதிவைத்து இன்னொருவருக்குக் காட்டியதற்காகவே மாட்டுவாய் என்று சட்டத்தரணி நண்பர் கடிந்தார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, சொன்ன நோக்கத்துக்கு மட்டும் தரவைத் திரட்டி, தேவை தீர்ந்ததும் வைத்திராமல் விடுவதுதான். ஆகவே சிஸ்டம், லொகிங் பகுதியில் டிஎன்எஸ் என்ற வரியை நீக்கிவிட்டு, ரவுட்டரை ஒருமுறை மீள இயக்கி, லொக் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வடிகட்டுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்வது அமெரிக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவை. பயனர்கள் இட்ட உள்ளடக்கத்தைத் தணிக்கை செய்த புரொடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்தை நியூயோர்க் நீதிமன்றம் 1995இல் அதற்குப் பொறுப்பான வெளியீட்டாளராகக் கருதியதை அடுத்து, 1996இல் பிறந்த பிரிவு அது. திருகோணமலையில் அதை நீட்டிப் பயனில்லை.

பிற்சேர்க்கை: பிரவுசரின் மறைகுறியாக்கிய டிஎன்எஸ் வழியாக இவ்வடிகட்டியைத் தாண்டலாம் என்று கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். சோதித்தேன், உண்மை. "முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது" என்று வரவேற்பறையில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கிழித்து, "இயன்றவரை தடுக்கப்படும், தவறாகத் தடுக்கப்பட்ட தளங்களை அறியத் தரவும்" என்று மாற்றினேன். முதல் வாரத்திலேயே மருத்துவபீட மாணவி ஒருவர் பாலியல் நலத் தளமொன்றின் பெயரை எழுதித் தந்தார்.