யூரியா இருந்தால் ஒரு குணம், இல்லாவிட்டால் இன்னொரு குணம்: சயனோபற்றீரியாவை இரண்டு போத்தலில் வளர்த்துப் பார்ப்போம்

காலபோகத்தில் வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் வரம்போரம் படரும் பச்சைப் படலத்தில் சயனோபற்றீரியாவும் (ஒளித்தொகுப்புச் செய்யும் நீலப்பச்சைப் பற்றீரியா) இருக்கும். அது நைதரசனை எப்படித் தெரிந்தெடுக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம்.

படி 1. அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தல் இரண்டு எடுங்கள். அண்மையில் யூரியா போடாத வயலின் மேல்மண்ணை இரண்டிலும் ஒரு பிடி போட்டு, வாய்க்கால் தண்ணீரை ஊற்றுங்கள். இரணைமடு வாய்க்கால் தண்ணீர் நல்லாவே போதும். குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கலாம், வேண்டாம். பொசுபரசுக்காக ரி.எஸ்.பி. உரம் இரண்டிலும் ஒரு சிட்டிகை. யூரியா 'அ' போத்தலுக்கு மட்டும், அதுவும் நாலைந்து சிறுமணிதான். அள்ளிப் போட்டால் அமோனியாவே எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

படி 2. வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். வன்னி வெயிலில் நேரே வைத்தால் தண்ணீர் கொதித்துப்போகும். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். நுளம்புக் குடம்பி கண்டால் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

படி 3. இரண்டு மூன்று கிழமை காத்திருக்கும்போது, உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

யூரியா சிதைந்து வரும் அமோனியம் இருந்தால் கலம் வேறொன்றையும் திரும்பிப் பார்க்காது. நைத்திரேற்றை உள்ளே எடுத்தாலும் அதை அமோனியமாக்க 8 இலத்திரன்கள் செலவாகும். காற்றிலுள்ள நைதரசனைப் பிடிப்பதோ இன்னும் செலவு: ஒரு மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏ.ரி.பி. (கலம் சக்தியாகச் செலவிடும் மூலக்கூறு). எனவே அமோனியம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை நைத்திரேற்று உள்வரும் வழியே அடைக்கப்படும்.

சரி, நைதரசன் குறைந்தது கலத்துக்கு எப்படித் தெரியும்? அது பெரும்பாலும் நைதரசனை எண்ணுவதில்லை, காபனைத்தான் பார்க்கிறது. ஒளித்தொகுப்பில் கிடைத்த காபனிலிருந்து 2-ஒக்சோகுளூட்டரேற்று என்ற சேர்வை உருவாகிறது. அமோனியம் வந்து சேரும் சட்டகம் அதுதான். அமோனியம் வராவிட்டால் அது குவியும். சாக்கு வராத மில்லில் நெல் குவிவதுபோல. அந்தக் குவியலை உணரும் இரு புரதங்கள் உண்டு. பி-டூ என்பது கதவுகளைத் திறந்து மூடுகிறது, என்.ரி.சி.ஏ. என்பது டி.என்.ஏ.யில் அமர்ந்து, நைத்திரேற்றை எடுக்கும் பரம்பரையலகுகளை இயக்குகிறது.

எதுவுமே கிடைக்காதபோதுதான் அனபீனா, நொஸ்ரொக் போன்ற இழைவடிவ இனங்கள் தங்கள் பெரிய வேலையைக் காட்டும். ஏறத்தாழ 10 முதல் 20 கலங்களுக்கு ஒன்று, ஒரு நாள் அளவில், ஹெற்றரோசிஸ்ற் என்ற, காற்றின் நைதரசனைப் பிடிக்கும் சிறப்புக் கலமாக மாறும். அந்தப் பிடிக்கும் வேலையைச் செய்யும் நைதரசனேசு நொதியத்துக்கு ஒட்சிசன் நஞ்சு. அதனால் அந்தக் கலம் தடித்த சுவர் கட்டி, ஒட்சிசன் வெளிவிடும் வேலையை நிறுத்திக்கொள்கிறது. உணவை அயற்கலங்கள் கொடுக்கும். பதிலுக்கு நைதரசனை அது அனுப்பும்.

படி 4. கையுறை போட்டு, 'ஆ' போத்தலின் படலத்தில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பாருங்கள். மணிமாலை போன்ற இழை அகப்பட்டால், இடையிடையே வெளிறிய, சற்றுப் பெருத்த கலங்களைத் தேடுங்கள். 'அ' போத்தலில் அவை அரிது, ஆனால் யூரியா தீர்ந்தபின் அங்கும் தோன்றலாம். அதனால் பிந்தாமல் பாருங்கள். சில இனங்கள் நஞ்சு சுரக்கும். தண்ணீரைக் கொட்டும்போது மாடு, கோழி குடிக்காத இடத்தில் கொட்டுங்கள்.

ஆர்வமிருந்தால் 'ஆ'வில் ஒரு மணி யூரியா போட்டுப் பாருங்கள். முதிர்ந்த ஹெற்றரோசிஸ்ற் பழைய நிலைக்குத் திரும்பாது, இரண்டாகப் பிரிந்து பெருகவும் மாட்டாது. ஆனால் இழை நீள நீள, புதிதாக வரும் பகுதியில் அவை தோன்றாது.