மூக்கு சொல்வதைக் கேட்கும் நாய்: பீகிள் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு வேட்டை நாய் புதிதல்ல. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று சுற்றிலும் நம் சொந்த இனங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்து விரட்டும். பீகிளும் முயல் வேட்டைக்காரன்தான், ஆனால் இங்கிலாந்தில் கூட்டமாக ஓடி, முயல் போன தடத்தை மூக்கால் பிடிப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். பின்னால் வருகிற மனிதரைத் திரும்பிப் பார்க்காமல், ஊளையிட்டுக்கொண்டே வாசனைக்குப் பின்னால் போவதுதான் அதற்குப் பல தலைமுறைப் பழக்கம். அதை வாங்கிவந்து அண்ணாநகர் வீட்டு வாசலில் கட்டிப்போட்டு, "கூப்பிட்டா வரமாட்டேங்குது, திருடன் வந்தாலும் வாலாட்டுது" என்று குறைப்பட்டுக்கொள்வதுதான் முதல் தவறு. காவலுக்கு நாய் வேண்டுமென்றால் ராஜபாளையமோ கோம்பையோ வாங்குங்கள். பீகிள் வந்தவர் எல்லோரையும் மாமா, மச்சான் என்று கொண்டாடும் ரகம்.

பழக்கவே முடியாது என்பதும் வெறும் பேச்சு. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டியில் ஒளிந்திருக்கும் பழத்தையும் இறைச்சியையும் மோப்பம் பிடிக்க 1984-இலிருந்து பீகிள்களை வைத்திருக்கிறார்கள். சந்தேகப் பெட்டி கிடைத்தால் அது குரைக்காது, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடும். அதற்குச் சம்பளம் ஒரு துண்டு தின்பண்டம். நம் வீட்டுப் பீகிளுக்கும் அதே சம்பளம் கொடுத்தால்தான் வேலை நடக்கும். அதட்டல் கணக்கில் சேராது.

"வா" என்ற சொல்லைப் பாழாக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களிடம் இதைப் பார்க்கலாம். கூட்டம் இல்லையே என்று பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். நேற்று ராத்திரி யாரோ பரோட்டா பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட இடம் ஒன்று இருக்கும். நாயின் தலை தரையோடு ஒட்டும், வால் நட்டுக்க நிற்கும், வால் நுனியின் வெள்ளை மட்டும் ஆடும். அந்த நேரத்தில் "வா, வா, டேய் வா" என்று பத்துத் தடவை கத்தினால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: "வா" என்பது காதில் விழும் ஒரு சத்தம், அதற்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கடைசியில் ஓடிப்பிடித்து முதுகில் ஒன்று வைத்தால், அகப்பட்டால் அடி விழும் என்ற அடுத்த பாடமும் முடிந்தது.

முறை இதுதான். முதலில் வீட்டு ஹாலில், வேறு வாசனை எதுவும் போட்டிக்கு இல்லாத இடத்தில், ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். வந்ததும் வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நக அளவு ஒரு துண்டு. மசாலா, உப்பு வேண்டாம். ஹாலில் தப்பாமல் வர ஆரம்பித்ததும் மொட்டை மாடி, அப்புறம் கேட்டுக்கு உள்ளே, அப்புறம் நீளக் கயிறு கட்டித் திறந்த இடம். குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் "வா" என்று கூப்பிடக் கூடாது, நீங்களே போய்த் தூக்குங்கள். இவ்வளவு செய்தாலும் ரோட்டில் பெல்ட்டைக் கழற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். மூக்கு ஒரு தடத்தைப் பிடித்துவிட்டால் பஸ்ஸாவது ஆட்டோவாவது, அதற்குக் கண்ணில் படாது.

அப்படியென்றால் வாக்கிங்கில் மோப்பமே பிடிக்கவிடாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகலாமா? அதுவும் தப்பு. பத்து நிமிடம் அது இஷ்டத்துக்கு முகரட்டும், பிறகு பத்து நிமிடம் உங்களோடு ஒழுங்காக நடக்கட்டும். வீட்டிலும் அதன் சாப்பாட்டில் ஒரு கைப்பிடியைப் பழைய துண்டில் சுருட்டி வைத்துத் தேடவிடுங்கள். மூக்குக்கு வேலை இருந்த நாளில் சோபா தப்பிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் தவறு செய்வது நாயல்ல, குடும்பம். அப்பா இட்லித் துண்டு, பிள்ளைகள் பிஸ்கட், அப்பத்தா "பாவம், வாயையே பாக்குது" என்று தட்டிலிருந்து ஒரு பிடி. பீகிளுக்கு அந்தப் பார்வை பிறவிச் சொத்து, வயிறு நிறைந்த பிறகும் மாறாது. 10 கிலோ வாக்கில் இருக்கவேண்டிய நாய் எளிதாகப் பதினைந்தைத் தொட்டுவிடும், முதுகும் மூட்டும் போய்விடும். பழக்கத்தில் வரும் நஷ்டம் இன்னும் பெரிது: சும்மாவே கிடைப்பதற்கு எதற்கு உட்காரவேண்டும்? அன்றைய சாப்பாட்டைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் வையுங்கள். யார் எதைக் கொடுப்பதானாலும் அதிலிருந்துதான், உட்காரவைத்துத்தான். சால்னாவில் வெங்காயம், பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் உலர் திராட்சை, பிள்ளைகள் கையில் சாக்லேட் எல்லாமே நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழித்துவிடும்.

வீட்டுக்குள் சிறுநீர் போனால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, கட்டிலுக்குப் பின்னால் போகத்தான் குட்டி கற்றுக்கொள்ளும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப்போங்கள். பினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்கு மட்டும்தான் நாற்றம் போகும், அதன் மூக்குக்குப் பழைய முகவரி அப்படியே இருக்கும். அதற்கென்று விற்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள்.

தடுப்பூசி முழுதாக முடியும்வரை குட்டியை வெளியுலகமே காட்டாமல் பூட்டிவைப்பவர்கள் பலர். தெருநாய் நடமாடும் மண்ணில் இறக்கிவிடக் கூடாது என்பது சரி. ஆனால் பிறந்து மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரைதான் புதியதைப் பயமில்லாமல் ஏற்கும் வயது. கையில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நில்லுங்கள். ஸ்கூட்டர், கறிக்கடை, குடை பிடித்தவர், பள்ளிக்கூடம் விடும் சத்தம் எல்லாம் பார்க்கட்டும். நம் ஊரில் வெடிக்குத் தீபாவளி வரவேண்டியதில்லை. காதுகுத்துக்கும் வெடி, கட்சி ஊர்வலத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி. போனில் வெடிச் சத்தத்தை மெதுவாக வைத்துத் தின்பண்டம் கொடுத்து, நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கூட்டத்தில் வாழ்ந்த இனம் நாளெல்லாம் தனிமையைத் தாங்காது. மொட்டை மாடியில் கட்டிவிட்டுப் போனால் அது போடும் ஊளை மூன்று தெரு கேட்கும், சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டருகே காத்திருப்பார். வெயிலில் மாடி ஆபத்தும்கூட. சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். சந்தேகம் என்றால் புறங்கையைத் தாரில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

வீட்டில் ஆளுக்கொரு வார்த்தையும் கூடாது. ஒருவர் "சிட்", ஒருவர் "உக்காரு", ஒருவர் "படு ராஜா" என்றால் நாய் யாரைத்தான் கேட்கும்? எது என்று முடிவுசெய்து பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

நன்றாகச் சொன்னபடி கேட்ட நாய் திடீரென்று முரண்டு பிடித்தாலோ, தொட்டால் உறுமினாலோ, திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். தொங்கும் காதுக்குள் காற்று போகாமல் சீழ் பிடிப்பது பீகிளில் சகஜம். கால் விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்றும் விரித்துப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கும். பீகிள் ஒருவேளை சோற்றை வேண்டாம் என்றாலே அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிப்போகவேண்டியதுதான்.