மழைக்காட்டுப் பழ ஈக் கணக்கெடுப்பு: பொறி வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னைக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்கள், ஆய்வேட்டுக்காக வால்பாறைப் பக்கத்து மழைக்காடுகளுக்குப் புறப்படும் முன், தண்டையார்பேட்டை மொட்டைமாடியிலோ மாதவரத்துத் தோட்டம் ஒன்றிலோ பொறிகளை ஒத்திகை பார்ப்பது நல்ல பழக்கமே. ஆனால் நகரத்தில் பலன் தந்த ஏற்பாட்டை மாற்றமின்றிக் காட்டுக்குக் கொண்டுபோவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

எந்தக் குடும்பத்து ஈக்களைத் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். காய்க்குள் முட்டையிடும் பாக்ட்ரோசெரா போன்றவை டெப்ரிடிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. நொதித்த வாழைப்பழத்தை மொய்க்கும் டிரோசோபிலா வேறு குடும்பம். இரண்டுக்கும் ஒரே பொறி போதும் என்று எண்ணக்கூடாது.

டெப்ரிடிடே ஆய்வில் மிகப் பெரிய தவறு, ஈக்களை வாசனையால் இழுக்கும் ஒரே கவர்ச்சிப் பொருளை நம்பிக் காட்டின் பன்மையை அளந்துவிட்டதாகக் கருதுவதுதான். மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருளுக்கு பாக்ட்ரோசெரா இனங்களான டார்சாலிஸ், சொனேட்டா, கரெக்டா ஆகியவற்றின் ஆண் ஈக்கள் வருகின்றன. பூசணி வகைகளைத் தாக்கும் சூகோடேக்கஸ் குகர்பிட்டேயின் ஆண்கள் கியூ-லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருளுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் வராத இனங்கள் பல உண்டு என்பதோடு, வரும் இனங்களிலும் பெண் ஈக்கள் பெரும்பாலும் சிக்குவதில்லை. ஆகவே பொறி நிறைய ஈக்கள் விழுந்திருந்தாலும், அது அந்த வாசனைக்கு வந்தவற்றின் பட்டியலே தவிர காட்டின் பட்டியல் அன்று. இருபாலையும் ஈர்க்கும் புரதக் கரைசல் பொறிகளையும் சேர்த்து வைப்பதும், காட்டு மரங்களின் கீழ் விழுந்த கனிகளைப் பொறுக்கி, வலை மூடிய டப்பாவில் மணல்மேல் வைத்து, கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவரும்வரை காப்பதும் இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யும். பின்னது பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் எந்த ஈ எந்தக் கனியில் வளர்கிறது என்பதைப் பொறி ஒருபோதும் சொல்லாது.

ஒரு கவர்ச்சிப் பொருளைத் தொட்ட கையுறையோடு மற்றொன்றைத் தொடுவதும் தவறு. ஒட்டிய சிறு துளியே பதிவைக் குழப்பிவிடும். வால்பாறையின் காட்டுத் துண்டுகளைச் சுற்றித் தேயிலை, காபித் தோட்டங்களும் கொய்யா, மா வளர்க்கும் குடியிருப்புகளும் இருப்பதால், காட்டு ஓரத்தில் தொங்கும் பொறி தோட்டத்து ஈக்களையும் இழுத்துக் கொள்ளும். ஓரத்திலிருந்து உட்புறம்வரை வெவ்வேறு தொலைவுகளிலும், இயன்றால் மரக்கூரை உயரத்திலும் வைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

டிரோசோபிலா பிடிப்பவர்கள் கவனிக்காத ஒன்று, வண்ணாரப்பேட்டை வண்டிக்கடையில் வாங்கிய கனிந்த வாழைப்பழத்திலேயே நகரத்து ஈக்களின் முட்டைகள் இருக்கக்கூடும் என்பது. அதை அப்படியே மசித்துப் பொறியில் வைத்துப் பல நாட்கள் விட்டால், வெளிவரும் ஈக்கள் காட்டுக்குரியவையாகப் பதிவாகிவிடும். அதைவிட மோசம், நகரத்து ஈக்கள் காட்டுக்குள் புகுந்துவிடும். மசித்த பழத்தை வேகவைத்து ஆறவிட்டு, பிறகே ஈஸ்ட் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் கொண்டுசெல்வது பாதுகாப்பானது. இந்த ஈக்கள் காலையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பதால், நண்பகலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் வீண்.

மழை நீர் புகாத மூடியும், எறும்பு ஏறாதபடி தொங்கும் கம்பியில் கிரீஸும் அவசியம். இல்லையேல் எஞ்சுவது இறக்கைகள் மட்டுமே. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் தொங்கவிடக் கூடாது.

பதிவேட்டில் ஈ விழாத பொறியையும் பூச்சியம் என்று எழுத வேண்டும். பத்து நாள் தொங்கிய பொறியையும் மூன்று நாள் தொங்கியதையும் ஒப்பிட, ஒரு பொறிக்கு ஒரு நாளில் எத்தனை ஈ என்று கணக்கிட வேண்டும். இனம் பிரிப்பதில் அவசரம் கூடாது: தென்னிந்தியாவில் பாக்ட்ரோசெரா டார்சாலிஸும் கேரியேவும் நெருங்கிய தோற்றம் கொண்டவை, இரண்டும் மெத்தில் யூஜினாலுக்கே வருபவை. கைப்பேசிப் படத்தை நம்பிப் பெயரிடாமல், மாதிரிகளை 70 சதவீத ஆல்கஹாலிலும், டிஎன்ஏ ஆய்வுக்குரியவற்றை 95 சதவீதத்தில் குளிரிலும் வைத்து, இடம், தேதி, கவர்ச்சிப் பொருள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டை ஒவ்வொரு குப்பிக்குள்ளும் போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.