குரல் கேட்பவர்கள் கூடும் இடத்தில் நாங்கள் விடும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளி விறாந்தையில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். பக்கத்தில் ஆளில்லாதபோதும் எங்களுக்குக் குரல் கேட்கும். எனக்குக் கேட்கத் தொடங்கிப் பல வருடங்கள். இப்படி ஒரு வட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்காகவும், வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்களிடம் நடந்த தவறுகளில் பெரும்பாலானவை நல்ல மனதோடு செய்தவை.

ஒருநாள் ஓர் அம்மா முதன்முதலாக வந்தார். "பின்னேரத்தில மகன் கூப்பிடுறவன்" என்றார். அருகில் இருந்த ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "அது பிரமை அம்மா. அவற்ர ஆத்மா சாந்தியடையட்டும்." அந்த அம்மா பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மூன்று கூட்டத்துக்கும் வரவில்லை.

அந்த ஒரு பேச்சில் இரண்டு தவறு இருக்கிறது. குரல் உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொன்னது முதலாவது. அவருக்குக் கேட்கிறது, அந்த அனுபவம் உண்மை, பேச்சைத் தொடங்க அது போதும். இரண்டாவது இன்னும் கொடியது. அந்த மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பாதவன். இறந்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் போராட உட்கார்ந்த தாய்மார் கேட்ட கேள்விதான் அவருடையதும். பதில் வராத கேள்விக்கு எங்கள் வட்டம் பதில் சொல்லக்கூடாது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அவர் "இருக்கிறான்" என்றால் நாங்களும் "இருக்கிறான்". அவர் "இருந்தவன்" என்று மாற்றினால் நாங்களும் மாற்றுவோம். அதுவரைக்கும் "காலமான" என்ற சொல் எங்கள் வாயில் வராது.

துயரத்தில் இருப்பவருக்குப் போனவரின் குரல் கேட்பது உலகமெங்கும் சாதாரணம். அதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்ல முடியாது. 1987 இல் நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவர், குரல் கேட்கும் ஒரு பெண்ணோடு தொலைக்காட்சியில் தோன்றி, இப்படிக் கேட்பவர்கள் தொடர்புகொள்ளுங்கள் என்றார். நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். மருத்துவரிடமே போகாமல் குரலோடு சமாளித்து வாழ்கிறவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். குரல் கேட்பவர்களே கூடிக் கதைக்கும் வட்டங்கள் அங்கிருந்துதான் பரவின. "விசர்" என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் போட்டுக் கட்டுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எல்லாக் குரலையும் போரோடு முடிச்சுப் போடுவதும் வன்னியில் எங்களுக்குச் சுலபமாக வரும் தவறு. "ஷெல்லடியில என்ன பாத்தனீங்கள், சொல்லுங்கோ" என்று வந்தவுடனேயே தோண்டக்கூடாது. ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்தே கேட்கும், இன்னொருவருக்குப் புருசனின் அடியில் தொடங்கியிருக்கும், வேறொருவருக்குப் பிள்ளை பிறந்த கையோடு. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு திடீரென்று கேட்டால் வட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளாந்தம் கசிப்புக் குடித்தவர் சட்டென்று நிறுத்தி, நடுக்கத்தோடு குரலும் கேட்டால், அதுவும் உயிராபத்து.

குளிசை விசயத்தில் இரண்டு பக்கமும் வழுக்கும். "உதை விடு, எனக்கு நிப்பாட்டினாப் பிறகுதான் சுகம்" என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் தானும் நிறுத்தி, சில கிழமைக்குள் நித்திரையில்லாமல் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். குரலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான குளோசபின் எடுப்பவர் ஒழுங்காக இரத்தம் சோதிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக்கூடாது. அதேநேரம், மருந்தால் உடம்பு பருக்கிறது, கை நடுங்குகிறது, வயலில் நிற்க முடியாமல் நித்திரை தூக்குகிறது என்று ஒருவர் சொன்னால், "பொறுத்துக்கொள்" என்பதும் உதவியாகாது. அதைத் தாளில் எழுதிக் கொடுத்து கிளினிக்குக்கு அனுப்புகிறோம். வைத்தியர் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை, ஆனால் அருவி வெட்டுக் காலத்தில் கிளினிக் நாளை மறப்பவர்கள் பலர். ஆளுக்காள் திகதியைப் போனில் போட்டு வைத்து நினைவூட்டுவது, பல அறிவுரைகளைவிடப் பயன்பட்டது.

கோயிலுக்குப் போகாதே என்றும் சொல்லாதீர்கள். வற்றாப்பளை அம்மனிடம் போனால் மனம் அமைதியாகிறது என்றால் போகட்டும். உரு வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். ஆனால் பேயோட்டுகிறோம் என்று கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எங்கே நடந்தாலும் தடுக்க வேண்டியது.

படம் எடுக்க விடாதீர்கள். ஒரு நிறுவனம் அறிக்கைக்கு என்று எடுத்த படத்தால் ஒரு பிள்ளையின் கலியாணப் பேச்சு நின்றது.

ரகசியம் காப்போம் என்று சொல்லும்போதே விதிவிலக்கையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சாகச் சொல்லியோ யாரையாவது வெட்டச் சொல்லியோ குரல் கட்டளையிட்டால், அதை வட்டத்துக்குள் பூட்டி வைக்க மாட்டோம். கேட்கப் பயப்பட வேண்டாம். "சாகச் சொல்லுதா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஓம்" என்றால் ஆளைத் தனியே விடாமல், வீட்டில் நெல்லுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

மற்ற நாட்களில் "கவனிக்காதே" என்று சொல்லிச் சொல்லி ஒருவரைக் களைக்க வைக்காதீர்கள். கவனிக்காமல் இருக்க முடிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார்? யாருடைய குரல், எத்தனை மணிக்கு வரும், எது நடந்தால் கூடும், எது செய்தால் குறையும் என்று கேட்டால் கதை வளரும். சிலருக்குத் தேவாரத்தை வாய்விட்டுப் பாடினால் குறைகிறது. எங்கள் தம்பி ஒருவன் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் குரலுக்குப் பதில் சொல்வான். "இப்ப வேலையாப் போறன், எட்டு மணிக்கு வா, கதைப்பம்." பரந்தன் சந்தியில் யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டு மணிக்குக் கால் மணித்தியாலம் ஒதுக்கி வைத்திருக்கிறான், அதைத் தவறவிடுவதுமில்லை.

அந்த அம்மா நாலாவது கூட்டத்துக்கு வந்தார். கூட்டி வந்தது, பிரமை என்று சொன்ன அதே ஆள்தான். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். யாரும் எதையும் விளக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "இண்டைக்கு என்னவாம் தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"சாப்பிட்டியாம்மா எண்டு கேட்டவன்."