எடை குறைந்த பிறகு நடக்கும் தவறுகள்: குறைமாவு உணவும் எப்போதாவது அருந்தும் மதுவும்

மாவுச்சத்தைக் குறைத்து உண்டு பத்துப் பதினைந்து கிலோ எடை இறக்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்தும் அதே எடையில் நிற்பவர்களைத் தேடினால்தான் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது பெரும்பாலும் உண்மையும் இல்லை, கேட்பவரைப் புண்படுத்தவும் செய்கிறது. எடை குறைந்த காலத்தில் பலன் தந்த ஒரு பழக்கத்தை, எடையைக் காக்க வேண்டிய காலத்திலும் அப்படியே தொடர்வதுதான் பலருக்குச் சறுக்கலாக அமைகிறது. மாவுச்சத்தை மட்டும் எண்ணி, மற்ற எல்லாவற்றையும் கணக்கில் இருந்து விட்டுவிடும் பழக்கம் அது.

தொடக்கத்தில் அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. சோறு, ரொட்டி, இனிப்பு, பழச்சாறு எல்லாம் ஒரே நாளில் தட்டை விட்டுப் போய்விடுகின்றன. புரதமும் கொழுப்பும் பசியை அடக்குகின்றன. யாரும் கட்டாயப்படுத்தாமலேயே மொத்த உணவு குறைந்துவிடுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல நிலைமை மாறுகிறது. பசி மெல்லத் திரும்புகிறது. "இதில் மாவுச்சத்து இல்லை" என்ற பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது: கொட்டைகள், பாலாடைக்கட்டி, வெண்ணெய் சேர்த்த காபி, கீட்டோ (மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு முறை) என்று அச்சிட்ட பிஸ்கட்டுகள். 100 கிராம் பாதாமில் ஏறத்தாழ 580 கலோரி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. பேசிக்கொண்டே கொறிக்கும்போது 100 கிராம் பாதாம் காலியாவது பெரிய விஷயமே இல்லை, ஆனால் அது ஒரு முழு வேளை உணவுக்குச் சமம்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குறைந்த மாவுச்சத்து உணவையும் மற்றதற்குக் குறைந்த கொழுப்பு உணவையும் ஓராண்டு கொடுத்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. முதல் பிரிவினர் சராசரியாக 6 கிலோவும், மற்றவர்கள் 5.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். புள்ளியியல்படி அது வேறுபாடே இல்லை. குறைமாவு உணவைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. பசியோடு போராடாமல் குறைவாக உண்ண உதவும் நல்ல வழி அது. அந்த உதவி நின்றுபோன பிறகும் மாவுச்சத்து எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் எடை ஏறத்தான் செய்யும்.

உடல் சிறியதாகிவிட்டதை மறப்பது அடுத்த தவறு. எடை குறைந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவு. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினரின் 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ, ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. செலவு குறைவதை விடப் பசி கூடுவதுதான் பெரிய இழுவை என்பது இதில் தெரிகிறது. பசியைத் தூண்டும் கிரெலின், நிறைவை உணர்த்தும் லெப்டின் போன்ற ஹார்மோன்கள் எடை குறைந்து ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆகவே, இலக்கு எடையை அடைந்தவருக்குப் பசி கூடினால் அது அவரது குணக்கேடு அல்ல. உடல் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம், ஒவ்வொரு வேளையும் தட்டில் பாதி காய்கறி, வாரத்தில் சில நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி: பசியைச் சமாளிக்க இவையே நம்பத்தக்க துணைகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எடைக்கருவியைத் தவறாகப் படிப்பதால் வரும் பாதிப்பையும் பலர் உணர்வதில்லை. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சில நூறு கிராம் சர்க்கரை சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குறைமாவு உணவின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது இந்த நீர் வெளியேறுவதால்தான். ஒரு விருந்தில் வயிறார மாவுச்சத்து உண்டால் அதே நீர் திரும்ப வந்து, மறுநாள் காலை கருவி ஒன்றரை, இரண்டு கிலோ கூட்டிக் காட்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒரே இரவில் அது நடக்காது. இதை அறியாதவர் பதறிப்போய் இரண்டு நாள் பட்டினி கிடக்கிறார், மூன்றாம் நாள் கட்டுப்பாடு உடைகிறது, "எல்லாம் போயிற்று" என்று முழுவதையும் கைவிடுகிறார். அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு மிகக் குறைவு. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் நான்கைந்து நாளில் பெரும்பகுதி தானே இறங்கிவிடும்.

அதற்காக எடை பார்ப்பதையே நிறுத்திவிடுவதும் சரியல்ல. அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடை இழந்து, ஓராண்டுக்கு மேல் காத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அவர்களில் முக்கால் பங்கினர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பெரும்பாலானோர் நாள்தோறும் ஒரு மணி நேர அளவுக்கு உடலுழைப்பும் செய்கிறார்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். அது இரண்டு கிலோ கூடி, இரண்டு மூன்று வாரம் இறங்காமல் நின்றால் உணவைத் திருத்தத் தொடங்குங்கள். ஐந்து கிலோ ஏறும்வரை காத்திருந்தால் வேலை பல மடங்காகும்.

மது விஷயத்தில் மாவுச்சத்தை மட்டும் எண்ணும் பழக்கம் மிக மோசமாக ஏமாற்றுகிறது. விஸ்கி, வோட்கா, ஜின் போன்றவற்றில் மாவுச்சத்து இல்லை என்பது உண்மை. ஆனால் 40 சதவீத மது கொண்ட 45 மில்லியில் சுமார் 97 கலோரி இருக்கிறது. மதுவின் ஒரு கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரையின் 4 கலோரியை விட அதிகம். இனிப்பற்ற ஒயின் 150 மில்லியில் 120 கலோரியும் மூன்று நான்கு கிராம் மாவுச்சத்தும் உண்டு. சாதாரண பீர் 355 மில்லியில் 150 கலோரியும், 12 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் உண்டு. வோட்காவோடு கலக்கும் டானிக் நீரை வெறும் சோடா என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 355 மில்லி டானிக்கில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். கலக்க வேண்டுமானால் சாதாரண சோடாவும் எலுமிச்சையும் போதும்.

கலோரியை விடவும் முக்கியமானது, மது உள்ளே போனதும் உடல் நடந்துகொள்ளும் விதம். மதுவைச் சேமித்து வைக்க உடலில் இடம் கிடையாது. ஆகவே கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் எரிக்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 கிராம் மது கொடுத்தபோது உடல் கொழுப்பை எரிக்கும் வேகம் சில மணி நேரத்துக்கு 73 சதவீதம் குறைந்தது. குடித்த மதுவில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மது தானாகக் கொழுப்பாவது அரிது, ஆனால் அதனோடு உண்ணும் கொழுப்பு எரியாமல் சேமிப்புக்குப் போகிறது. குறைமாவு உணவு உண்பவர் மதுவோடு எதைக் கொறிக்கிறார்? பொரித்த இறைச்சி, பாலாடைக்கட்டி, கொட்டைகள். மாவுச்சத்துப் பட்டியலில் தவறே இல்லாத அந்தத் தட்டுதான் அன்றைய இரவின் உண்மையான கணக்கு. போதை ஏறியதும் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்பதால், என்ன உண்பது, எத்தனை கோப்பை என்பதை முதல் மிடறுக்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

மாலையில் குடிக்கப்போகிறோம் என்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்து கலோரியை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வெறும் வயிற்றில் மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. குறைமாவு உணவில் கல்லீரலின் கிளைகோஜன் இருப்பு ஏற்கெனவே குறைவு. புதிதாகச் சர்க்கரை உருவாக்கும் கல்லீரலின் வேலையையும் மது தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி, மயக்கம், நடுக்கம், குழப்பம் வரலாம். அருகில் இருப்பவர்கள் அதைப் போதை என்று எண்ணி விட்டுவிடுவார்கள். எடை குறைந்த உடலுக்கு அதே கோப்பை கூடுதலாகவே ஏறும். முன்பு தாங்கிய அளவை நினைவில் வைத்துக் குடிப்பது தவறு. புரதமும் காய்கறியும் கொண்ட உணவை முதலில் உண்ணுங்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் இடையில் நீர் அருந்துங்கள், வாகனத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

குறைமாவு உணவில் இன்சுலின் தாழ்ந்திருப்பதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது, மதுவும் அதையே செய்கிறது. மறுநாள் தலைவலிக்கும் கால் பிடிப்புக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீரோடு உப்பிட்ட சூப் உதவும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில் கவனமாக இருக்க வேண்டும். மது தூக்கத்தைக் கலைக்கிறது. தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடுகிறது. பலரின் எடை ஏறுவது குடித்த இரவில் அல்ல, அடுத்த நாள் முழுக்க எதையாவது தேடித் தேடி உண்பதில்தான். அந்த நாளின் காலை உணவை முந்தின நாளே தயாராக வைத்துவிடுங்கள். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருளைச் சிறுநீரில் காட்டும் பட்டை நிறம் மாறியது என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. உண்ட கொழுப்பில் இருந்தும் கீட்டோன் உண்டாகும்.

சர்க்கரை இல்லை என்று விற்கும் இனிப்புகளில் மால்டிடால் என்ற சர்க்கரை மாற்று இருக்கிறதா என்று பாருங்கள், அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு சிலருக்கு இந்த உணவில் மிகவும் உயர்ந்துவிடுகிறது, எடை குறைந்த மகிழ்ச்சியில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

சர்க்கரை நோய்க்காக இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மது ஆபத்தான அளவுக்குச் சர்க்கரையை இறக்கலாம், அது மறுநாள் காலை வரைகூட நீடிக்கும். எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மருந்து எடுப்பவர்கள் கடுமையான குறைமாவு உணவையும் மதுவையும் சேர்த்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன்கள் மிகுந்து இரத்தம் அமிலமாகும் கீட்டோ அமிலத்தன்மை வரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மதுவைத் தொடவே கூடாது. மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இங்கே எழுதியது ஏற்கெனவே எப்போதாவது அருந்துபவர்களுக்காக மட்டுமே. குடிப்பழக்கம் இல்லாதவர்கள், ஒயினில் மாவுச்சத்து குறைவு என்பதைக் காரணமாக வைத்துத் தொடங்க வேண்டாம்.