பழைய வேன் பார்க்கப் போகிறீர்களா? எஞ்ஜின் சூடாவதற்கு முன்னே போய்விடுங்கள்

எங்கள் வீட்டில் ஏழு பேர். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, காருக்குள் குனிந்து ஏற அவரால் முடியாது. அதனால் 14 வருடமாக எங்களுக்கு வண்டி என்றால் ஏழு பேர் உட்காரும் சின்ன வேன்தான். இதுவரை மூன்று வாங்கியிருக்கிறோம், மூன்றும் கைமாறி வந்தவை.

முதல் வேனைப் பார்க்கப் போனபோது விற்பவர் எஞ்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். வாங்கி வந்த மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் வாசலெல்லாம் நீலப் புகை. தேய்ந்த வால்வு சீல் வழியாக ராத்திரி முழுக்கக் கசிந்து இறங்கிய ஆயில் எரிகிற புகை அது. ஏற்கெனவே ஓடிச் சூடான எஞ்ஜினில் அது கண்ணில் படவே படாது. அன்றிலிருந்து போனில் முதலில் சொல்வது இதைத்தான்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான எஞ்ஜினில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலண்ட், அதாவது எஞ்ஜினைக் குளிர்விக்கும் திரவம், தெளிவாக, நிறத்தோடு இருக்க வேண்டும். துரு கலங்கியிருந்தால் பல வருடம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற பிசுக்கு இருந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அந்தப் பிசுக்கு படியும். கூலண்டையும், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்ஜின், ஆயில், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் அணையாமல் நின்றால் ஏதோ கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே எரியாத விளக்கைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கோளாறை மறைக்க அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

இப்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். குளிர்ந்த காலையில் சைலன்சரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது இயல்பு, சில நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில். கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் செயின் உள்ள எஞ்ஜினில் முதல் சில விநாடி கடகடவென்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள், வந்தால் செயின் தளர்ந்திருக்கலாம். செயினுக்குப் பதில் பெல்ட் என்றால் சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்தக் கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் பல எஞ்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்ஜினே போய்விடும்.

இதுவரை சொன்னது எந்த வண்டிக்கும் பொருந்தும். வேனுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை. ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வேன் உழைத்ததெல்லாம் பின்னால்தானே?

ஸ்லைடிங் கதவைப் பாதி திறந்து நிறுத்தி, பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். லொடலொடவென்று ஆடினால் ரோலர் தேய்ந்திருக்கிறது. கீழ் டிராக்கில் விரலை ஓட்டிப் பாருங்கள். மண்ணும் துருவும் கட்டியிருந்தால் கதவு ஒருநாள் சிக்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மோட்டாரில் ஓடும் கதவென்றால் பத்து முறை திறந்து மூடுங்கள், கூடவே சரிவில் நிறுத்தியும் ஒருமுறை. எங்கள் இரண்டாவது வேனின் கதவு சமதளத்தில் வெண்ணெயாக வழுக்கியது. ஏற்றத்தில் நின்றால் மூடாது. அம்மா உள்ளே, கதவு திறந்தபடி, நடுரோட்டில் நின்றது இன்னும் மறக்கவில்லை.

பின் ஏசியை முழு வேகத்தில் வைத்து, கடைசி வரிசையில் இருபது நிமிடம் நீங்களே உட்காருங்கள். பல வேன்களில் பின் ஏசிக்கான குழாய் தரைக்கு அடியில் ஓடுகிறது. சேறும் கல்லும் பட்டு அது அரிக்கும், முன்பக்கம் போல எளிதில் மாற்ற முடியாது. அப்படியே எல்லா சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருண்டு உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. சீட்டைக் கழுவிவிடுவார்கள், அங்கே கழுவ மாட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். ஒயரிங்கில் இறங்கிய ஈரம் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் காவு வாங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது குடும்பத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் வேன் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். ஏழு பேர், ஏசி ஓட, ஒரு ஏற்றம் ஏறுங்கள். வெப்பமானி முள் நடுவைத் தாண்டுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, வேகத்தடையில் பின்பக்கம் தரையில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கிளட்சில் சந்தேகம் வந்தால் எதிரே ஆளில்லாத சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்ஜின் உடனே நின்றுபோனால் கிளட்ச் நல்லது. இரைந்துகொண்டே ஓடினால் மாற்ற வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் என்றால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், வெட்டி இழுப்பது சூடேறிய பிறகுதான் தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடிக்கையில் முன்சக்கரத்தில் டக்டக் சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது.

ஓடிய தூரம் காட்டும் ஓடோமீட்டர் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் வண்டியைவிடப் பல வருடம் இளையவை என்றால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் அதே கேள்விக்குப் பதில் சொல்லும். சர்வீஸ் பில்களைத் தேதி வரிசையில் அடுக்கினால் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் இறங்கக் கூடாது.

நசுங்கலை நிரப்பிப் பட்டி பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது, எஃகுத் தகடு உள்ள இடத்தில் மட்டும் வைத்துப் பாருங்கள். ஸ்கேனர் போட்டு 'எர்ரர் ஒன்றுமில்லை' என்று மெக்கானிக் சொன்னால், ரெடினெஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். பல முடியாமல் கிடந்தால், சமீபத்தில் யாரோ எர்ரர்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

தேய்ந்த டயர், பிரேக் பேடு, ஷாக் அப்சார்பர், வயதான பேட்டரி, கதவு ரோலர் இவற்றுக்காக நான் வண்டியை விடுவதில்லை, செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேட்பேன். கூலண்டில் எண்ணெய், வெள்ளக் கறை, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) புது வெல்டிங், ஆவணத்தோடு ஒத்துப்போகாத சேஸிஸ் எண் இதில் ஒன்று இருந்தாலும் பேரமே கிடையாது.

மூன்றாவது வேனுக்கு இதையெல்லாம் பார்க்க இரண்டு காலையும் ஒரு மாலையும் ஆயின. வாங்கிய வாரமே ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் அத்தனையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி முன் டிராயரில் வைத்தேன். முதல் வாரம் தினமும் ராத்திரி எஞ்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வைத்தேன். காலையில் எடுத்துப் பார்க்கையில் அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை.