புஷ் போனால் வண்டி ஏன் உதறுகிறது? சோதிப்பது முதல் முறுக்குவது வரை

பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’கென்று சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பு, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துத் திரும்புவது. இதெல்லாம் இருந்தால் ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன்னால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழ்ப்பக்கமாக இணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம்; அது சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் இருக்கும். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். அவ்வளவுதான் புஷ்.

1. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

2. டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான வெடிப்பு பரவாயில்லை. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். கம்பியால் ஆர்மை நெம்பினால் ரப்பர் லேசாக வளைந்து திரும்பவேண்டும், கடகடவென ஆடக்கூடாது.

3. எந்த புஷ் வாங்குவது? ரப்பர் புஷ்ஷும் உண்டு, பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ்ஷும் உண்டு. பாலியூரித்தேன் பொதுவாக ரப்பரைவிடக் கடினம். வளைவில் வண்டி டக்கென்று திரும்பும்; ஆனால் சாலையின் அதிர்வெல்லாம் உள்ளே வரும், உரிய கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

4. ஆர்மைக் கழற்றிக் கொடுத்தால், பழைய புஷ்ஷை லேத் பட்டறையில் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) வைத்து எடுப்பார்கள். அதற்கு முன் புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல புஷ்களில் ரப்பரில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தத் திசையில் புஷ் மெத்தென்று கொடுக்கும், மற்ற திசையில் விறைப்பாக நிற்கும். குழியில் சக்கரம் சற்றுப் பின்னே நகர்ந்து அடியை வாங்கிக்கொள்ளவும், வளைவில் பக்கவாட்டில் நகராமலிருக்கவும்தான் இந்த ஏற்பாடு. திசை மாறினால் இரண்டுமே கெட்டுவிடும்.

5. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். புதுப் புஷ் போட்ட ஆர்மைத் திரும்ப மாட்டும்போது, சக்கரம் தொங்கும் நிலையில் அதன் போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். அப்போதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். புதுப் புஷ்ஷாக இருந்தும் வண்டி விறைப்பாக ஓடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கு அதை ஏற்றுங்கள். அப்புறம் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), கம்பெனி கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பாலியூரித்தேன் புஷ்ஷில் உள்குழாய் தனியாகச் சுழலும் என்பதால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

6. கடைசியாக வீல் அலைன்மென்ட் பாருங்கள். ஆர்மைக் கழற்றி மாட்டினால் சக்கரக் கோணம் மாறியிருக்கலாம். அப்படியே ஓட்டினால் டயர் ஓரமாகத் தேயும்.